கேரத் எட்வர்ட்ஸும் அந்தப் படுக்கையறையும்

கேட்டிருப்பவர் ஒரு விஎஃப்எக்ஸ் (கம்ப்யூட்டரில் காட்சிகளை உருவாக்கிச் சேர்க்கும்) கம்பெனியில் இரண்டு வருடமாக ரோட்டோ வேலை, அதாவது ஷாட்டில் இருக்கும் ஆளை ஃபிரேம் ஃபிரேமாகச் சுற்றி வரைந்து பின்னணியிலிருந்து பிரிக்கும் வேலை, பார்க்கும் தம்பி. கேரத் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 'மான்ஸ்டர்ஸ்' என்ற சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தைத் தன் படுக்கையறையிலேயே உட்கார்ந்து, 15,000 டாலர் செலவில், தனியாளாக எடுத்து முடித்தார் என்று எங்கோ படித்திருக்கிறார். அது உண்மையா, உண்மை என்றால் வேலையை விட்டுவிட்டு நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு நானும் அப்படி ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்கிறார். எனக்கு இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி கேட்கிறது. அந்த மனிதரிடம் எது இருந்ததால் அவ்வளவும் முடிந்தது, அது என்னிடம் இருக்கிறதா என்பதுதான் அது. நான் பதினாறு வருடமாகக் கம்பாசிட்டிங் செய்கிறேன், தனித்தனியாக உருவானவற்றை ஒரே ஷாட்டாகப் பொருத்தும் வேலை அது. ஒரு ஷாட் எப்படி உருவாகிறது, எங்கே நேரத்தைத் தின்கிறது என்பது எனக்குப் பழக்கப்பட்ட விஷயம். படத்தை விற்பதும் தியேட்டர் பிடிப்பதும் ஓடிடியோடு பேரம் பேசுவதும் என் துறை இல்லை. அந்தப் பக்கத்தில் என் பேச்சை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

முதலில் அந்த 15,000 டாலரைப் பார்த்துவிடலாம். 2010-இல் படம் வெளியானபோது இந்த எண் நிறையச் சுற்றியது. அது படம் பிடித்த சாதனங்களுக்கு ஆன செலவு. மொத்தப் படமும் ஐந்து லட்சம் டாலருக்கு நன்றாகக் கீழே முடிந்தது என்பதுதான் படத்தை எடுத்தவர்கள் சொன்ன கணக்கு. ஒரு முழுநீள சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துக்கு அதுவே நம்ப முடியாத அளவு குறைவு, ஆனால் 15,000 இல்லை. தனியாள் என்பதும் பாதிதான் உண்மை. எழுதியது, இயக்கியது, கேமராவைக் கையில் பிடித்தது, 250 விஎஃப்எக்ஸ் ஷாட்களையும் செய்தது எல்லாம் அவரே. எடிட்டிங் காலின் கூடி, இசை ஜான் ஹாப்கின்ஸ், தயாரிப்பு வெர்ட்டிகோ ஃபிலிம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். படப்பிடிப்புக்கு ஒரு ஒலிப்பதிவாளர், அன்றாடச் செலவையும் ஏற்பாடுகளையும் பார்க்கும் ஒரு லைன் புரொடியூசர், மெக்சிகோவில் உள்ளூர்க் காரியங்களைப் பேசி முடித்துத் தர ஒருவர், ஒரு டிரைவர் போனார்கள். நடிகர்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஏழு பேர், எல்லோருக்கும் ஒரே வேன். படுக்கையறை கதைக்குள் வருவது படம் எடுத்து, எடிட்டிங்கில் வெட்டி முடித்த பிறகுதான்.

அதற்கு முன்னால் நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. எட்வர்ட்ஸ் 1975-இல் இங்கிலாந்தின் நனீட்டன் ஊரில் பிறந்தார். எளிய மனிதர்களின் கதைகளை எடுத்த கென் லோச் பிறந்ததும் அதே ஊர்தான். சின்ன வயதில் 'ஸ்டார் வார்ஸ்' பார்த்துச் சினிமா ஆசை பிடித்து, சரே மாகாணத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் சினிமா படித்து, 1996-இல் பட்டம் வாங்கினார். கல்லூரி நாட்களில் அவரோடு தங்கியிருந்தவர் கம்ப்யூட்டர் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தார். 'ஜுராசிக் பார்க்' வந்த புதிது. இனிமேல் படம் எடுக்கும் வழி இதுதான் என்று முடிவு செய்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் அவர் உடனே தன் படத்தை எடுக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அது அவருக்குச் சோறு போட்டது. பிபிசி, டிஸ்கவரி மாதிரியான சேனல்களின் ஆவணப்படங்களுக்கு வீட்டில் இருந்தபடி விஎஃப்எக்ஸ் செய்து கொடுத்தார். 2005-இல் பிபிசி எடுத்த 'ஹிரோஷிமா', அடுத்த வருடம் பேரிடர்களைப் பற்றி வந்த 'பெர்ஃபெக்ட் டிஸாஸ்டர்' எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். 2008-இல் பிபிசிக்காக ஹூண அரசன் அட்டிலாவைப் பற்றிய வரலாற்று நாடகத்தை இயக்கியபோது, அதிலிருந்த 250 விஎஃப்எக்ஸ் ஷாட்களையும் அவரே முடித்தார். 'மான்ஸ்டர்ஸ்' படத்திலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். அதாவது அந்த அளவு சுமையை ஒருமுறை தூக்கிப் பார்த்த பிறகுதான் தன் படத்துக்கு வந்தார்.

தொலைக்காட்சி ஆவணப்பட வேலை என்பது எப்படி இருக்கும் தெரியுமா? காசு குறைவு, ஒளிபரப்பு தேதி நகராது, மாடலிங்கில் (உருவத்தைச் செய்வது) ஆரம்பித்து லைட்டிங், ரெண்டர் (கம்ப்யூட்டர் அதை இறுதிப் படமாக்கித் தருவது), கம்பாசிட்டிங் வரை ஒரே ஆள் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கம்பெனிகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ரோட்டோ ஒரு மேஜை, வேண்டாததை அழிக்கும் பெயின்ட் ஒரு மேஜை, கேமராவின் அசைவைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு வரும் மேட்ச்மூவ் இன்னொரு மாடி. ஒரு ஷாட் முழுதாகத் தலையிலிருந்து கால் வரை யார் கண்ணிலும் படாமலே போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வருடம்தான் ஒரு ஷாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என் கையாலேயே செய்தேன், அதுவும் ஒரு நண்பனின் குறும்படத்துக்காக. எட்வர்ட்ஸிடம் இருந்த அந்தப் பத்து வருடத்தை எந்தக் கம்ப்யூட்டரோடும் சேர்த்து வாங்க முடியாது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

அதே 2008-இல் சை-ஃபை லண்டன் விழா நடத்திய 48 மணி நேரப் போட்டியில் கலந்துகொண்டார். போட்டி தொடங்கும் காலையில் நிபந்தனைகளைக் கொடுப்பார்கள், இரண்டே நாளில் குறும்படம் முடிந்திருக்க வேண்டும். குழு எதுவும் இல்லாமல் ஒரே ஒரு நடிகரை வைத்து எடுத்த 'ஃபேக்டரி ஃபார்ம்ட்' என்ற படத்துக்குப் பரிசு கிடைத்தது. 'மான்ஸ்டர்ஸ்' யோசனை எப்படி வந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். மீனவர்கள் சிலர் வலையை இழுக்க முடியாமல் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வலைக்குள் ஏதோ பெரிய ஜந்து ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியதாம். அங்கிருந்து கதை போன திசைதான் அழகு. மற்ற ராட்சதப் படங்கள் முடிகிற இடத்துக்குப் பல வருடங்கள் கழித்து இவர் கதை தொடங்குகிறது. விண்கலம் ஒன்று மாதிரிகளோடு திரும்பி வந்து மெக்சிகோவில் விழுந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. பாதி மெக்சிகோ தடை செய்யப்பட்ட பகுதி. யாரும் கத்திக்கொண்டு ஓடவில்லை, ஜனங்கள் அதோடு வாழப் பழகிவிட்டார்கள். ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் தன் முதலாளியின் மகளை அந்தப் பகுதி வழியாக அமெரிக்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் கதை.

இந்தக் கதையைச் செலவுக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஜனங்கள் பழகிவிட்டார்கள் என்று வைத்தவுடன், கூட்டம் கூட்டமாக ஓடும் காட்சி வேண்டாம், கட்டடம் இடியும் காட்சி வேண்டாம். ஒரு பெயர்ப்பலகை, சுவரில் ஓர் ஓவியம், டிவியில் ஓடும் செய்தி, மரத்துக்கு மேல் சிக்கிக் கிடக்கும் படகு போதும். கதையே பட்ஜெட்டைத் தாங்கிக்கொள்கிறது. பெரிய கதையை எழுதிவிட்டு எப்படிச் சிக்கனமாக எடுக்கலாம் என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்கள் என்னிடம் நிறைய வருகின்றன. அவர்களிடமெல்லாம் இந்தப் படத்தைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

படப்பிடிப்பு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ், கோஸ்டா ரிக்கா, அமெரிக்காவின் டெக்சஸ் என்று போனது. சோனி ஈஎக்ஸ்3 என்ற வீடியோ கேமரா, அதில் அடாப்டர் வைத்து மாட்டிய நிக்கான் லென்ஸ்கள். முழு வசனத்தோடு எழுதிய ஸ்கிரிப்ட் கிடையாது. ஒவ்வொரு காட்சிக்கும் இது நடக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும், வசனம் நடிகர்களே அந்த நேரத்தில் பேசுவது. நடித்த ஸ்கூட் மெக்நெய்ரியும் விட்னி ஏபிளும் அப்போது நிஜத்திலும் காதலர்கள். துணைப் பாத்திரங்களில் பெரும்பாலோர் அந்தந்த இடத்தில் இருந்த ஜனங்கள். டெக்சஸில் கால்வெஸ்டன் பக்கம் 2008-இல் ஐக் புயல் அடித்துப் போட்ட வீடுகள் அப்படியே கிடந்தன. படத்தில் ஆள் இல்லாத ஊராக வருவது அதுதான். பகலில் எடுத்ததை ராத்திரி காலின் கூடியும் அவர் உதவியாளரும் ஹோட்டல் அறையில் கம்ப்யூட்டரில் ஏற்றி, மெமரி கார்டுகளைக் காலி செய்து மறுநாளுக்குத் தருவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது வேலையின் வரிசை. வழக்கமாக எங்கள் துறையில் கான்செப்ட் ஓவியம் முதலில் வரும், அப்புறம் ஸ்டோரிபோர்டு, அதற்கேற்ற செட், அதைச் சுற்றிப் பச்சைத் திரை. கற்பனையில் வரைந்ததை அடைய நிஜத்தை வளைக்கிறோம், அதற்குத்தான் காசு போகிறது. எட்வர்ட்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். கண்ணில் பட்ட அழகான நிஜத்தை முதலில் எடு, படத்தை வெட்டி முடி, அப்புறம் இறுதியில் நிற்கும் ஷாட்களில் மட்டும் என்ன சேர்க்கலாம் என்று யோசி. வெட்டுப்பட்டுப் போகும் ஷாட்டுக்கு ஒரு மணி நேரம்கூட வீணாகாது. இதற்கும் ஒரு விலை உண்டு. நூறு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்த காட்சிகளில் எந்த இரண்டு டேக்கும் ஒன்றுபோல் இல்லை. முதல் வெட்டு நான்கு மணி நேரத்தைத் தாண்டியது, எட்டு மாதம் போராடி 94 நிமிடத்துக்குக் கொண்டு வந்தார்கள். அந்தச் சுமையைச் சுமந்தவர் கூடி. படுக்கையறைக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த மனிதரின் பெயரை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, படுக்கையறைக்கு வருவோம். கடையில் யாரும் வாங்கக்கூடிய மென்பொருள்கள்தான்: எடிட்டிங்குக்கும் கம்பாசிட்டிங்குக்கும் அடோபி தொகுப்பு, முப்பரிமாண உருவங்களுக்கு த்ரீடிஎஸ் மேக்ஸ், ஸீபிரஷ். கையில் ஐந்து மாதம், 250 ஷாட். ஒரு நாளைக்கு இரண்டு என்ற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜந்து வரும் முதல் ஷாட்டைத் தொட்டதும் இரண்டு மாதம் ஓடிவிட்டது, ஒன்றுகூட முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். ஓடாத டாங்கியைப் பின்னணியில் வைப்பதும், பலகையில் எழுத்தை மாற்றுவதும், தொலைவில் மலைபோல் ஒரு சுவரை எழுப்புவதும் அசையாத பொருளை அசையும் கேமராவோடு ஒட்ட வைக்கும் வேலை. டிராக்கிங் (கேமராவின் அசைவைப் பின்தொடர்வது) சரியாக விழுந்து, நிறமும் மங்கலும் பொருந்திவிட்டால் கண் ஏமாந்துவிடும். உயிருள்ள ஜந்து அப்படி இல்லை. அதுவும் ஆக்டோபஸ் மாதிரி கைகள் கொண்டது. மூட்டு இருக்கும் காலை அனிமேட் செய்வதற்கு ஒரு கணக்கு உண்டு, மூட்டே இல்லாத கையில் ஒவ்வொரு வளைவும் எடையைக் காட்ட வேண்டும். உடம்புக்குள்ளிருந்து ஒளி வேறு வருகிறது, அந்த ஒளி சுற்றியிருக்கும் எல்லாவற்றின் மேலும் விழ வேண்டும். ஒரு திருத்தம் செய்து ரெண்டர் போட்டால் மறுநாள்தான் பதில் தெரியும்.

அதனால்தான் அந்த ஜந்துக்கள் படத்தில் அவ்வளவு குறைவாக வருகின்றன. இருட்டு, தண்ணீர், புகை, டிவித் திரை என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒளிந்து நிற்கின்றன. பணமில்லாததால் மட்டும் அப்படி வைத்தாரா, பணம் இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பாரா என்று சிலர் விவாதிக்கிறார்கள். அவருடைய அடுத்த படத்தைப் பார்த்த பிறகு நான் இரண்டாவது கட்சி. 2014-இல் 16 கோடி டாலரில் 'காட்ஸில்லா' எடுக்கக் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம், ஆனாலும் ஒரு மணி நேரம் போன பிறகுதான் அந்த மிருகத்தை முழுதாகக் காட்டினார். ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு இதில் கோபம்கூட. 'மான்ஸ்டர்ஸ்' முடிவுக்கு முன்னால் பெட்ரோல் பங்க்கில் இரண்டு ஜந்துக்கள் ராத்திரியில் சந்தித்துக்கொள்ளும் காட்சிக்கு அத்தனை கனம் இருப்பதற்குக் காரணம், அதுவரை நமக்கு அவை கிடைக்கவே இல்லை என்பதுதான்.

'மான்ஸ்டர்ஸ்' உலகம் முழுக்க வசூலித்தது 40 லட்சம் டாலரைக் கொஞ்சம் தாண்டும். பிரிட்டிஷ் சுயாதீனப் பட விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது அவருக்கு வந்தது. வெறும் வசூலைப் பார்த்தால் ஹாலிவுட் அவரைக் கூப்பிடக் காரணமில்லை, ஒரே ஆள் இதைச் செய்தார் என்ற செய்திதான் கூப்பிட வைத்தது. 'காட்ஸில்லா' 52 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2016-இல் 'ரோக் ஒன்', சின்ன வயதில் ஆசை காட்டிய அதே 'ஸ்டார் வார்ஸ்' உலகம், நூறு கோடி டாலரைத் தாண்டியது. இந்தப் படத்தைப் பற்றிய பேச்சில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்து வைக்க வேண்டும். படத்தின் பல பகுதிகள் மறுபடி எடுக்கப்பட்டதும், எழுத்தாளர் டோனி கில்ராய் உள்ளே வந்து அதில் பெரிய பங்கு வகித்ததும் உறுதி, கில்ராயே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கடைசி வரை தானும் இருந்ததாகவும், வெளியே உலவும் கதைகளில் தவறுகள் உண்டென்றும் எட்வர்ட்ஸ் சொன்னார். இந்த ஃபிரேம் இவருடையது, அந்தக் காட்சி அவருடையது என்று யூடியூப்பில் பிரித்துக் காட்டுவதெல்லாம் ஊகம். பெரிய படங்களில் நான் பார்த்தவரை, ஒரு காட்சி யாருடையது என்பதை அறைக்குள் இருந்தவர்களாலேயே சில சமயம் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் அவரிடமிருந்து படம் வரவில்லை. 2023-இல் வந்த 'தி கிரியேட்டர்' உங்கள் கேள்விக்கு மிகவும் நெருக்கமானது, ஏனென்றால் அந்த ஏழு பேர் வேனின் முறை பெரிய பட்ஜெட்டில் வேலை செய்யுமா என்ற சோதனை அது. செலவு 8 கோடி டாலர், அந்த மாதிரிப் படத்துக்கு மற்றவர்கள் செலவிடுவதில் பாதிகூட இருக்காது. கேமரா சோனி எஃப்எக்ஸ்3, ஏறக்குறைய 4,000 டாலர் விலை, நம் ஊரில் கல்யாணம் எடுப்பவர்களிடமே இருக்கிறது. தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, நேபாளம், இந்தோனேசியா, ஜப்பான் என்று நிஜ இடங்களுக்குப் போய் எடுத்து, படத்தை வெட்டிய பிறகு அந்த ஃபிரேம்களின் மேல் எதிர்கால உலகத்தை வடிவமைத்தார்கள். அதே தலைகீழ் வரிசை. ஒரே வித்தியாசம், இந்த முறை படுக்கையறை இல்லை, இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் உட்படப் பெரிய விஎஃப்எக்ஸ் கம்பெனிகள். நெல்வயலுக்குப் பின்னால் வானத்தைத் தொடும் கட்டடங்கள் நிற்கும் ஃபிரேம்களைப் பாருங்கள், முக்கால்வாசி நிஜம், கால்வாசிதான் கம்ப்யூட்டர். தயாரிப்பாளர்களில் ஒருவர் ஜிம் ஸ்பென்சர், 'மான்ஸ்டர்ஸ்' வேனில் போன அதே லைன் புரொடியூசர். காலின் கூடியும் 'ரோக் ஒன்' எடிட்டர்களில் ஒருவராக இருந்தார்.

வசூலில் அந்தப் படம் நினைத்த அளவு போகவில்லை, 10 கோடி டாலரைச் சற்றே தாண்டி நின்றது. விஎஃப்எக்ஸுக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. 2024 மார்ச்சில் அந்த விருதைத் தட்டிப் போனது ஜப்பானிலிருந்து வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. அதை இயக்கிய தகாஷி யமசாகியே விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளரும்கூட. 35 பேர் சேர்ந்து 610 ஷாட்களை முடித்தார்கள். கீபோர்டில் உட்கார்ந்து பழகிய இயக்குநர் கையில் ஒரு டாலர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த இரவில் இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். எங்கள் ஆபீஸில் காலை நேரத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். இயக்குநர் ஒருவர் விஎஃப்எக்ஸ் விருதை வாங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது, அதற்கு முன் வாங்கியவர் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எடுத்த ஸ்டான்லி குப்ரிக். 2025-இல் எட்வர்ட்ஸ் 'ஜுராசிக் வேர்ல்ட் ரீபெர்த்' எடுத்தார், அது ஸ்டுடியோ படம், பெரிய வெற்றி. உங்களுக்கு அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

இப்போது உங்கள் விஷயம். வேலையை விட வேண்டாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எட்வர்ட்ஸ் சம்பாதித்துக்கொண்டேதான் கற்றார், அவருடைய சம்பாத்தியமே பயிற்சியாக இருந்தது. உங்கள் வேலையில் ஒரு பங்கு அப்படி இருக்கிறது. பச்சைத் திரை இல்லாமல் நிஜ இடத்தில் எடுத்த ஷாட்டில் ஆளுக்குப் பின்னால் எதையாவது வைக்க வேண்டுமென்றால் ரோட்டோவை விட்டால் வழியில்லை, அதில் உங்கள் கை ஏற்கெனவே பழகியது. மேட்ச்மூவ், லைட்டிங், கம்பாசிட்டிங் ஆகிய மூன்றும் இனிமேல் வர வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம், இரண்டு வருடம் பழைய கம்ப்யூட்டரே ஆரம்பத்துக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பத்து ஷாட் எடுங்கள். கேமராவைக் கையில் பிடித்தே எடுங்கள், மூன்று நான்கு நொடி போதும். அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் அசையாத ஒரே ஒரு பொருளைச் சேருங்கள். ஒரு பலகையாக இருக்கலாம், தொலைவில் ஒரு கோபுரமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். என் முதல் ஷாட்டுக்குப் பதினொரு நாள் ஆனது. உங்களுடைய சராசரி ஒன்றரை நாளுக்கு வரும்போது, 40 ஷாட்டுக்குள் அடங்கும் பத்து நிமிடக் கதை ஒன்றை எழுதலாம். ஜந்து எதுவும் வேண்டாம், அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எடிட்டிங் தெரிந்த ஒரு நண்பரையும் தேடி வையுங்கள்.